பகுதி நேரம்

கோழி இறைச்சி ஆலையில் போடும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ரோண்டா பேட்ஜெட் பள்ளி அலுவலகத்துக்குள் வந்தபோது மணி இரண்டு இருபது. வருகைப் பதிவு பார்க்கும் வெர்னா ஸ்டாக்டன் அரை மணி நேரமாக அவளுக்காகத்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குள் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை போயாக வேண்டும்.

"சூப்பர்வைசர் ஒரு மணி நேரந்தான் பர்மிஷன் குடுத்தாரு மேடம். எம்பொண்ணு கெண்ட்ரா எதாவது வம்பு பண்ணிட்டாளா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. ஒரு கையெழுத்துதான். உக்காருங்க."

உள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்து முதல்வர் க்ரைடர் நிமிடத்துக்கு ஒரு தரம் தலையை நீட்டிப் பார்த்தார். பாவம், அவருக்கும் கழுத்தில் கத்தி. போன வருஷம் பள்ளிக்கு மட்டமான தரம் வந்திருந்தது. இந்த வருஷமும் அப்படியே என்றால் பாதி ஆசிரியர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடிக்கடி மட்டம் போடும் பிள்ளைகள் முப்பது பேர். அது இருபதுக்குக் கீழே இறங்கினால் தப்பிக்கலாம்.

பிள்ளைகளை வரவழைப்பது பெரிய பாடு. க்ரைடர் சுலபமான வழியைக் கண்டுபிடித்தார். வீட்டிலேயே பெற்றோரிடம் படிக்கும் பிள்ளைகள் சில பாடங்களுக்கு மட்டும் பள்ளிக்கு வரலாம் என்று ஒரு விதி உண்டு. அதற்குப் பெயர் பகுதி நேரச் சேர்க்கை. அப்படிச் சேர்ந்தவர்களை இந்தக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பதினொரு பிள்ளைகளை அந்தப் படிவத்துக்குள் தள்ளிவிட்டால் ஆயிற்று. பத்துப் பெற்றோரிடம் வெர்னா கையெழுத்து வாங்கிவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக, மேலே இருப்பவர் சொன்னதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவள் அவள்.

ரோண்டா படிவத்தை வாங்கி இரண்டு வரி படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "நான் ஒம்பதாவதோட நின்னவ. நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"கெண்ட்ரா நாப்பத்தொரு நாள் ஆப்சென்ட். இதுல கையெழுத்து போட்டா அந்தக் கணக்கு போயிடும். அவளைப் பகுதி நேர மாணவின்னு மாத்திடுவோம்."

அந்தப் படிவத்தில், 'மீதிப் பாடங்களை நானே வீட்டில் சொல்லித் தருகிறேன்' என்றும் ஒரு வரி இருந்தது. அதை வெர்னா வாசிக்கவில்லை.

ரோண்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்ட் டைமா? நல்லதாப் போச்சு! ஆலைல நானும் பார்ட் டைமாத்தான் சேந்தேன். ஆறு மாசம் ஒழுங்கா வந்ததும் பெர்மனென்ட் பண்ணிட்டாங்க. இவளையும் அப்படிப் பண்ணிடுவீங்கல்ல? மே மாசம் ஸ்கூல் முடிச்சுப் பட்டம் வாங்க எல்லாரோடயும் மேடையேறணும் மேடம். எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் ஏறினதில்ல."

பகுதி நேரம் என்றால் கெண்ட்ராவுக்குக் காலை இரண்டு பீரியடும் கிடையாது என்பது வெர்னாவுக்குத் தெரியும். அந்த இரண்டும் போனால் இங்கிலீஷும் அல்ஜீப்ராவும் போச்சு. அவை இல்லாமல் பள்ளி முடித்ததற்கான சான்றிதழே கிடையாது. இந்தப் பள்ளியில் பகுதி நேரத்தை யாரும் நிரந்தரமாக்குவதில்லை.

க்ரைடர் வெளியே வந்தார். "என்ன மிஸ் வெர்னா, ஆச்சா?" ரோண்டாவைப் பார்த்துச் சிரித்தார். "தைரியமாப் போடுங்கம்மா. உங்க பொண்ணு நல்லதுக்குத்தான்."

ரோண்டா பேனாவோடு குனிந்தாள். முதல் எழுத்து விழுவதற்குள் வெர்னாவின் கை படிவத்தின் மேல் விழுந்தது.

"ஒரு நிமிஷம். கெண்ட்ரா ஏன் ஸ்கூலுக்கு வர்றதில்ல?"

"வர்றாளே!" ரோண்டா திகைத்துப்போனாள். "தெனமும் வர்றாளே! எனக்கு விடிகாலை அஞ்சு மணிக்கு ஷிஃப்ட். ஆறு வயசுச் சின்னவளை அவ ஸ்கூல்ல விட்டுட்டுதான் இவ வரணும். அங்க எட்டே முக்காலுக்குத்தான் தொறப்பாங்க. அப்புறம் ரெண்டு மைல் நடந்து வர்றா மேடம்."

இரண்டாம் பீரியடில் இல்லாத பிள்ளை அன்று முழுக்க இல்லாத பிள்ளை என்பது இந்தப் பள்ளியின் கணக்கு. மூன்றாம் பீரியடிலிருந்து கடைசி மணி வரை வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணை வெர்னா நாற்பத்தொரு தடவை இல்லை என்று பதிந்திருக்கிறாள். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவமானத்தில் அவள் காது சுட்டது.

"மணி ரெண்டு நாப்பது," என்றார் க்ரைடர்.

வெர்னா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சின்னவளின் பள்ளியை அழைத்து, காலையில் முன்னாலேயே பிள்ளையை விட முடியுமா என்று கேட்டாள். அங்கிருந்த பெண்மணி சாவகாசமாகச் சொன்னாள்: "எங்க கேன்டீன் ஏழு மணிக்கே தொறந்துரும். காலைச் சாப்பாடும் உண்டு. பேர் குடுத்தா போதும். இவங்க குடுக்கவே இல்லியே?"

"யாரும் சொல்லலியே," என்றாள் ரோண்டா. போனில் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது.

"நல்லது, அதை நாளைக்குப் பாத்துக்கலாம்," க்ரைடரின் குரல் இறுகியது. "இப்பக் கையெழுத்தை வாங்குங்க. இந்த ஒரு பேரால ஸ்கூலே கவுந்துரும். உங்க வேலையும் சேத்துத்தான்."

வாசிக்காமல் விட்ட அந்த வரியை வெர்னா இப்போது சத்தமாக வாசித்தாள். ரோண்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாகப் புரிந்தது. "நான் போட்டிருந்தா எம்பொண்ணு மேடையேறியிருக்க மாட்டாளா?"

க்ரைடர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏறியிருக்க மாட்டா," என்றாள் வெர்னா. "நான்தான் உங்களை ஏமாத்திப் போட வச்சிருப்பேன். மன்னிச்சிருங்கம்மா."

மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தப் பத்துப் படிவங்களையும் எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். முப்பது என்ற உண்மைக் கணக்கோடு அறிக்கையை அனுப்பியபோது மணி இரண்டு ஐம்பத்தேழு.

"பைத்தியமா உங்களுக்கு?" க்ரைடர் கத்தினார். "என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா?"

"இப்பத்தான் தெரியுது சார். வராத பிள்ளைங்க பேரை எடுத்துட்டா வருகை கூடிடாது, நம்ம பொய்தான் கூடும். பிள்ளை ஏன் வரலேன்னு கேக்கறதுதான் நம்ம வேலை. இருபத்திரண்டு வருஷமா நான் அதைச் செய்யல. மீதி இருபத்தொம்போது வீட்டுக்கும் இன்னிக்கே போன் போடப் போறேன். என் வேலையை எடுக்கணும்னா, அது முடிஞ்சப்புறம் எடுங்க."

சொல்லிவிட்டு அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள்.