இருபத்தாறு இருமல்

மாலை ஏழு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு முதல் இருமல் கேட்டது. பிரதியின் ஓரத்தில் அவள் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டாள். கோட்டை முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிட்டது.

மேடையின் இடதுபக்கத் திரைக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி, மடியில் நாடகப் பிரதி, தோளுக்கு மேல் நீலத் தாள் சுற்றிய சிறு விளக்கு. பத்தொன்பது வருடமாக அவள் இடம் அதுதான். நடிகர்கள் வசனத்தை மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பது வேலை. நல்ல நடிகர்கள் மறப்பதில்லை. மற்றவர்கள் மறந்ததை ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே இன்னொரு வேலையையும் இயக்குநர் அவள் தலையில் கட்டியிருந்தார். புதிய நாடகம் என்றால் அரங்கேற்றத்துக்கு முன் ஐந்து முன்னோட்டக் காட்சிகள். அந்த ஐந்து நாளும் சபை எங்கே சிரிக்கிறது, எங்கே நெளிகிறது, எங்கே இருமுகிறது என்று அவள் குறிக்க வேண்டும். சிரிப்புக்கு அலை, நாற்காலி கிறீச்சிட்டால் வட்டம், கைபேசிக்குப் பெருக்கல் குறி, இருமலுக்குக் கோடு. குழுவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பென்சிலக்கா.

வாசலில் கருத்துச் சீட்டுகளும் கொடுக்கிறார்கள்தான். காலியான பிஸ்கட் டப்பா ஒன்றில் அவை சேரும். 'நாடகம் அருமை.' 'நல்ல முயற்சி, தொடரட்டும்.' 'கணவர் போட்டிருந்த சட்டை எங்கே கிடைக்கும்?' முதல் நாள் ஒருவர் 'நாற்காலி வசதியாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். இயக்குநர் எதையும் படிக்க மாட்டார். "கை மரியாதைக்கு எழுதும். தொண்டைக்கு மரியாதை தெரியாது" என்பார். ஒரு காட்சியில் பத்து இருமலுக்கு மேல் போனால் அந்தக் காட்சிக்கு வெட்டு. அப்படி வெட்டுப்பட்டதில் ஒரு கதாநாயகனின் மரணமே உண்டு. அந்த நாடகத்தில் கடைசிவரை அவர் உயிரோடு இருந்தார். யாருக்கும் குறை தெரியவில்லை.

இப்போது இருமல் எழும் இந்தக் காட்சி நான்கு நிமிடம். பேச்சே கிடையாது. இதற்கு முந்தைய காட்சியில், விடியற்காலைப் பனியில், கணவன் பேருந்து நிலையத்தில் நின்று தொலைதூர ஊர் ஒன்றுக்குச் சீட்டு வாங்குகிறான். நாளைக்குக் கிளம்பினால் திரும்பப் போவதில்லை. சபை அதைப் பார்த்துவிட்டது. மனைவிக்குத் தெரியாது. அவள் வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து, வார் அறுந்துபோன அவன் பையைத் தைக்கிறாள். தைத்து முடித்து, இழுத்துப் பார்த்து, கதவருகே கொண்டுபோய் வைக்கிறாள். அவ்வளவுதான்.

மனைவியாக நடிப்பவளுக்குக் குழுவில் 'பக்கத்து வீடு' என்று பெயர். பதினான்கு வருடமாக எந்த நாடகம் போட்டாலும் அவள் பக்கத்து வீட்டுக்காரிதான். எட்டிப் பார்ப்பாள், சர்க்கரை கேட்பாள், சண்டை மூட்டிவிட்டுப் போவாள். இந்த வேடம் கிடைத்த அன்று ஒப்பனை அறையில் அவளே சொன்னாள்: "ஒருவழியா சொந்த வீட்டுக்குக் குடி வந்துட்டேன்." செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் மூன்று வாரம் போய் உட்கார்ந்து தையல் கற்றுக்கொண்டாள். மேடையில் தைப்பது நிஜத் தையல். அதனால் தினமும் நாடகம் முடிந்ததும் பிளேடால் அத்தனையையும் அவளே பிரித்து, மறுநாளைக்கு வாரை அறுந்ததாக்கி வைக்க வேண்டும்.

முன்னோட்டத்தின் இரண்டாம் நாளான அன்று, நாடகம் முடிந்து பென்சிலக்கா ஒப்பனை அறைக்குள் போனபோது அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலில் பிளாஸ்திரி.

"எவ்வளவுக்கா?"

"இருபத்தாறு."

"நேத்து?"

"இருபத்திமூணு."

பிளேடு நின்றது. "பரவாயில்ல, முன்னேறிட்டேன்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் தீர்ந்துபோனது. இந்தக் காட்சி போனால் நாடகத்தில் அவளுக்கு மிஞ்சுவது இரண்டு இடம். ஒன்றில் கதவைத் திறப்பாள். இன்னொன்றில் மூடுவாள். "நாளைக்கும் இப்படியே வந்தா நாளன்னைக்குக் காலைல வெட்டிடுவாராம். ஏன்க்கா, நீ ஒன்பதுன்னு எழுதினா என்ன? அவர் மேல ஒளியறைல கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்காரு. தொண்டை தொண்டையா போய் விசாரிக்கவா போறாரு?"

பென்சிலக்கா குனிந்தாள். பிரித்த நூல்களைத் திரட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீடு வரைக்கும் அந்த ஒன்பது கூடவே வந்தது. எழுதுவது சுலபம். ஆனால் ஒரு தடவை எழுதிவிட்டால் பத்தொன்பது வருடத்துக் கோடுகள் எல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும். வேறு யாருக்கும் இல்லை, அவளுக்கே. அதோடு இன்னொன்றும் உறுத்தியது. அலுப்பில் வரும் இருமலை அவள் நன்றாக அறிவாள். அது சோம்பலாக வரும், கொட்டாவி மாதிரி ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்குத் தொற்றும். இது அந்த ரகம் இல்லை. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடிக்கிற இருமல். அலுத்துப்போனவர்கள் எதற்கு அடக்க வேண்டும்?

மூன்றாம் நாள், பேருந்து நிலையக் காட்சி முடிகிற நேரத்தில் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அடுத்த நான்கு நிமிடத்துக்கு அடியெடுத்துக் கொடுக்க ஒரு சொல்லும் இல்லை. பக்கக் கதவு வழியாக இறங்கிப்போய், நான்காவது வரிசையில் காலியாக இருந்த ஓர இருக்கையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் நாடகம் நடக்கும்போது அந்த மேடையை அவள் முன்னாலிருந்து பார்த்ததில்லை. இப்போதும் பார்க்க முடியவில்லை. புகை. விடியற்காலைப் பனிக்காக இயக்குநர் வரவழைத்த புதிய இயந்திரம். ஒத்திகைகளில் அது கிடையாது, முன்னோட்டத்துக்கு முந்தின நாள்தான் வந்து இறங்கியது. பேருந்து நிலையத்துப் பனி அந்தக் காட்சியோடு போய்விடவில்லை. மேடை விளிம்பைத் தாண்டி, வரிசை வரிசையாகச் சபைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலிப் பக்கம் அது எட்டிப் பார்த்ததே இல்லை. ஒளியறைக் கண்ணாடி வரை ஏறியதும் இல்லை. தொண்டைக்குள் ஏதோ முள்ளாகக் குத்தியது. அன்றைய முதல் இருமல் அவளுடையது.

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் காதருகே குனிந்தாள். "பையைத்தானே தைக்கிறா? ஒண்ணும் சரியா தெரியமாட்டேங்குதே. எந்திரிச்சுப் போகவும் மனசு வரல."

மறுநாள் காலை பத்து மணிக்கு இயக்குநர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை, பென்சில்?"

"இருபத்தொன்பது சார். அதுல ஒண்ணு என்னோடது."

"உன்னோடதா?"

"நாலாவது வரிசைல போய் உக்காந்தேன்."

"பாத்தியா? உனக்கே போர் அடிச்சிருக்கு."

"போர் அடிக்கல சார். உங்க புகைதான் அடிச்சுது."

அறைக்குள் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். இயக்குநர் நிமிர்ந்தார். அந்த இயந்திரத்துக்காக அவர் மூன்று வருடம் அரங்கச் செயலாளரிடம் நடையாய் நடந்தவர். "பனி இல்லாம அது என்ன விடியக்காலம்? சும்மா புகை மேல பழியைப் போடாதே. அது மேடையைத் தாண்டாது."

"தாண்டலைன்னா வெட்டிடுங்க. பிரதியை நானே பிடிச்சுக்கறேன். ஒரு நாலு நிமிஷம் கீழ வந்து உக்காருங்க."

காலி அரங்கில் நான்காவது வரிசையில் அவரை உட்கார வைத்தாள். விளக்குக்காரர் இயந்திரத்தைத் தட்டிவிட்டார். மேடையில் 'பக்கத்து வீடு' பையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நிமிடம் இயக்குநர் கால் மேல் கால் போட்டிருந்தார். இரண்டாவது நிமிடம் உதட்டை இறுக்கிக்கொண்டார். மூன்றாவதில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. திரைக்குப் பின்னால் மொத்தக் குழுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் இருமினார். முன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, அரங்கம் அதிர இருமினார்.

பென்சிலக்கா பிரதியைத் திறந்து ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.

"அதை எழுதாதே" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"எழுதியாச்சு சார்."

நான்காம் நாள் இயந்திரம் மூலையில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பேருந்து நிலையத்தில் கணவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளங்கைகளை ஊதினான். முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஏழு நாற்பத்தொன்று. விளக்கடியில் மனைவி வந்து உட்கார்ந்தாள். பென்சிலக்கா தன் நாற்காலியில், பென்சில் முனை தாளைத் தொடாமல் காத்திருந்தாள். இனி இருமினால் சொல்வதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. இயக்குநர் இன்று கண்ணாடிக்குப் பின்னால் போகவில்லை. நான்காவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஊசி வாருக்குள் இறங்கியது. நூலை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பென்சிலக்கா இதுவரை கேட்டதே இல்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு தொண்டை அதை மூடியிருந்தது. சரக், சரக் என்று அது கடைசி வரிசைவரை போய்த் திரும்பியது. மனைவி ஒரு தையலை உற்றுப் பார்த்தாள், திருப்தியில்லை, பிரித்து மறுபடி போட்டாள். இந்தச் சபைக்கு முன்னால் அவளுக்கு அவசரமே இல்லை. ஒரு நிமிடம். இரண்டு. நாற்காலி ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. மூன்று. பிரதியின் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. நானூறு பேர் ஒரே ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானும் மூச்சு விடாமல் இருப்பதைப் பென்சிலக்கா அப்போதுதான் கவனித்தாள். திரை இடுக்கு வழியாக, மேடையில் இருப்பவளின் முகம் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. முதுகு லேசாக நிமிர்ந்தது, அவ்வளவுதான். வேறு எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசித் தையல். முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தாள். இருட்டுக்குள் நடுவரிசையில் ஒரு நாற்காலி படாரென்று மடங்கியது. யாரோ எழுந்து நின்றார்கள். வட்டம் போடப் போன பென்சில், தாளுக்கு ஒரு நூல் மேலே நின்றுவிட்டது. நடுங்கிய ஒரு பெண் குரல், நேராக மேடையைப் பார்த்து:

"ஏம்மா, அதைத் தைச்சுக் குடுக்காதேம்மா! அந்தப் பையைத் தூக்கிட்டுத்தான் அவன் போகப்போறான்!"