வடத்தை விட்ட பிறகும் வரும் தேர்

1

இந்தக் கதை ஒரு வாழைமரத்திலிருந்து வந்தது. சிதம்பரம் தெற்கு வீதியில், எங்கள் வீட்டுச் சன்னலுக்கு நேராகத் தேர் வந்துகொண்டிருந்தது. கட்டை போட்டார்கள். சக்கரம் நின்றது. ஆனால் தேரில் கட்டியிருந்த வாழைமரங்களும் தொங்கிக்கொண்டிருந்த துணித் தொம்பைகளும் நிற்கவில்லை. எல்லாம் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து, அப்புறம்தான் திரும்பி வந்தன. கூட்டம் சாமியைப் பார்த்துக் கும்பிட்டது. நான் வாழைமரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஏனென்றால் அதை நான் முன்பே காதால் கேட்டிருக்கிறேன். நாலாவது பாரத்தில் எங்கள் டீச்சர், இயக்கத்துக்கு மூன்று விதிகள் என்று சொல்லி முதலாவதைச் சொன்னார். நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கும். போகிற பொருள் போய்க்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஏதாவது வந்து அதை மாற்றுகிற வரைக்கும். மணி அடித்துவிட்டது. மற்ற இரண்டும் நாளைக்கு என்றார். அந்த நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லா வீட்டிலும் பெண்களை எதற்காக நிறுத்துவார்களோ அதற்காக என்னையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே இந்தக் கதையில் முதல் விதி மட்டும் சரியாக இருக்கும். மற்ற இரண்டும் வழியில் அகப்பட்டால் சொல்கிறேன்.

2

தொடக்கம்: "சிதம்பரத்து நான்கு வீதிகளிலும் ஜனசமுத்திரம் அலைமோதிக்கொண்டு…"

வேண்டாம். அந்தத் தேர் மிகப் பெரிது. நடக்காத ஒன்றை அதன் சக்கரத்தில் கட்டிவிட எனக்குப் பயம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஓர் ஊரை நானே உண்டாக்கிக்கொள்கிறேன். சின்னக் கோயில், சின்னத் தேர், கப்பிக்கல் போட்டுக் கெட்டித்த ரோடு. ரோடு சமதளம். (இறக்கம் வைத்தால் தேர் எளிதாக ஓடிவிடும். கதைக்கு வசதி, ஆனால் ஏமாற்று.)

மறுபடியும் தொடக்கம்: அமராவதி தன் புருஷனைத் தேருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இது போதும். இதிலேயே எல்லாம் இருக்கிறது.

கடலூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அவர்கள் வீடு. ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போன புருஷன் பக்கிரி கரை சேரவில்லை. அமராவதி மணலில் விழுந்து வேண்டிக்கொண்டாள்: அவன் திரும்பினால், வைகாசியில் அவன் கையால் வடம் பிடிக்க வைக்கிறேன். பக்கிரி திரும்பினான். வைகாசியும் வந்தது.

"புயல்ல மாட்டினது நானு, வேண்டிக்கினது நீ. இழுக்கறதும் நானா?" என்றான் பக்கிரி, வடத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே.

"அடுத்த புயலுக்கு நான் போறேன். நீ வூட்ல குந்திக்கினு வேண்டிக்க," என்றாள் அமராவதி.

சக்கரத்தருகே முட்டுக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு சாமிக்கண்ணு உட்கார்ந்திருந்தான். ஓடுகிற தேரைச் சக்கரத்தடியில் கட்டை போட்டு நிறுத்துவது அவன் வேலை. அவன் சிரித்தான். "இன்னா மச்சான், மீன் புடிக்கிற கையாச்சே. வடம் வழுக்கிடப் போவுது."

"உன் கட்டைய நீ வழுக்காம போடு. இழுத்தா வரும், வுட்டா நிக்கும். இதுல இன்னா இருக்குது?"

"வுட்டா நிக்குமா? யாரு சொன்னா உனக்கு?"

"தெனம் படகு இழுக்கறவன் நானு. எனக்கு ஒருத்தர் சொல்லணுமா?"

3

இந்த இடத்தில் பக்கிரியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்து எழுத்து நின்றுவிட்டது. இவ்வளவு கூடவா ஒருவனுக்குத் தெரியாது? கதைக்காக அவனை அசடாக்குகிறேனோ?

ஆக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து இழுத்ததெல்லாம் மணலில். மணலில் படகை இழுத்தால் வரும். மூச்சு வாங்கக் கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். ஒரு தடவைகூட அவனுடைய படகு அவனை மீறி வந்ததில்லை. மணல் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிட்டு, அவை தாமாக நின்றதாகக் காட்டிக்கொள்கிறது. கடலில் துடுப்பை எடுத்த பிறகும் படகு வழுக்கிக்கொண்டு போவதை அவன் பார்த்திருக்கிறான். அதைக் கடலின் குணம் என்று நினைத்தான். படகின் குணம், எல்லாப் பொருளின் குணமும் அதுதான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நமக்கு மட்டும் தோன்றியதா? உருட்டிவிட்ட கோலி நின்றுவிடுகிறது. ஆட்டிவிட்ட ஊஞ்சல் ஓய்ந்துவிடுகிறது. ஓய்வதுதான் இயற்கை என்று நினைத்துக்கொண்டு வளர்கிறோம். அப்படி இல்லையாம். தடுக்க எதுவும் இல்லாத ஓரிடத்தில் ஒரு கோலியை உருட்டிவிட்டால், உருட்டிய கை கிழமாகி, கை போய், ஊர் போய், அது மட்டும் போய்க்கொண்டே இருக்குமாம். இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

(கிணற்றில் ஒரே அளவு பலத்தோடு இழுத்தால் காலி வாளி துள்ளிக்கொண்டு வருகிறது, நிறைந்த வாளி மெல்ல அசைகிறது. இதுதான் இரண்டாவது விதியா? தெரிந்தவர்கள் சொல்லலாம்.)

4

நின்ற தேர் நிற்கவே பார்த்தது. பின்னால் சக்கரத்தடியில் மரத்தைக் கொடுத்து நெம்பினார்கள். முன்னால் வடம் நாண் போல விறைத்தது. பக்கிரி தேருக்கு மிக அருகில், வலது சக்கரத்துக்கு நேராக இருந்தான். வேண்டுதல்காரர்களுக்கு அந்த இடம். அவன் கழுத்து நரம்பு புடைத்ததை ஓரத்தில் நின்ற அமராவதி பார்த்தாள். முதலில் ஒரு முனகல். பிறகு வாழையிலைகள் அசைந்தன. பிறகு, மலை எழுந்து நடப்பது போல, தேர் வந்தது.

அமராவதிக்கு அழுகை வந்தது. அந்தப் புயலைச் செய்த சாமி இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

வீதி முனையில், தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேர்மேல் நின்ற பஞ்சநாதம் குருக்கள் கற்பூரத்தைத் தூக்கிக் காட்டினார். சுடரைக் கண்டதும் இழுத்தவர்கள் எல்லோரும் வடத்தை அப்படியே கீழே போட்டுக் கும்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கும்பிட்டுக்கொண்டே ஓரத்துக்கு நகர்ந்தார்கள். அது அவர்கள் காலுக்கே தெரியும். பக்கிரி நகரவில்லை. வடத்தை விட்டாயிற்று, தேர் நிற்கும் என்று, திரும்பி நின்று, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டான்.

தேர் நிற்கவில்லை.

"யோவ் மச்சான்! இப்பால வாய்யா!" சாமிக்கண்ணு கத்தினான். மேளம் அதை விழுங்கியது.

5

முடிவு, முதல் பிரதி. சாமிக்கண்ணு கட்டையைச் சரியாகப் போடுகிறான். தேர் ஒரே குலுக்கலில் நிற்கிறது. பக்கிரி பிழைக்கிறான். எழுதிவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கப் போனேன். பாதி வழியில் நினைவு வந்தது: தேர் நின்றது, சரி. கையில் தட்டோடு விளிம்பில் நின்ற குருக்கள் எப்படி நிற்பார்? அவரும் போய்க்கொண்டிருந்த பொருள்தானே? ஓடி வந்து அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தேன்.

முடிவு, இரண்டாம் பிரதி. கட்டை நழுவுகிறது. சக்கரம் அவனுடைய

என்னால் முடியவில்லை.

மூன்றாம் பிரதியில் அமராவதி என்னைக் கேட்கவில்லை. "இவனை நான்தானே கூட்டியாந்தேன்!" என்று அலறிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடினாள். சக்கரத்துக்கு வெளிப்பக்கம் நின்று அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

இங்கேதான் அது எனக்கு அகப்பட்டது. அவள் அவனை இழுத்தாள். அவன் இவள் பக்கம் அசைந்தான். அவள்? அவளும் அவன் பக்கம் அசைந்தாள்! பக்கிரி அவளை இழுக்கவே இல்லை, கண்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் அவள் எவ்வளவு இழுத்தாளோ அவ்வளவும் அவளை இழுத்தது. தான் இழுபடாமல் ஒருத்தி இன்னொருவனை இழுக்க முடியாது. இதுதான் மூன்றாவதா, டீச்சர்? இதையா மறுநாள் சொல்லப் போனீர்கள்?

அவன் கனம், அவள் லேசு. இப்படியே விட்டால் அவள்தான் அதிகம் போவாள், சக்கரத்தின் பக்கமாக. அவள் குதிகாலை ஊன்றித் தரையைத் தள்ள வேண்டும். தரை அவளைத் திருப்பித் தள்ள வேண்டும். அப்போது பூமி முழுவதும் அவள் கட்சிக்கு வந்துவிடும்.

ஆனால் வைகாசி வெயிலில் தேருக்கு முன்னால் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பக்திதான். உண்மையாக எழுதினால் அவள் காலடியில் ஈரம், ஊன்றினால் வழுக்கும். காய்ந்த தரை என்று ஒரு வார்த்தை எழுதினால் இருவரும் பிழைப்பார்கள். எழுதிப் பார்த்தேன், பொய் என்று தெரிகிறது. ஈரம் என்று எழுதவும் கை வரவில்லை. சக்கரம் வந்துகொண்டே இருக்கிறது.

நீங்கள் எங்கேயோ உட்கார்ந்து இதை வாசிக்கிறீர்கள். உங்கள் பாதத்தை இப்போது தரையில் அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்துகிற அளவுக்கு அதுவும் அழுத்துகிறதா? உங்கள் காய்ந்த தரையில் ஒரு குதிகால் அகலம் அவளுக்குக் கொடுங்கள். என்னிடம் இருப்பது இந்தப் பாதி வாக்கியம் மட்டும்தான்:

அமராவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றினாள், கீழே தரை