வியர்த்த பாட்டில்கள்

புதினா இலை போட்டு மூடிய மூன்று பாட்டில்களும் உள்ளே வியர்த்திருந்தன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் தையல்காரர். கூடத்தில் மனைவியைக் கிடத்தியிருக்கிறார்கள், நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். இந்த நேரத்தில் ஒரு மனுஷன் சமையலறையில் நின்று புதினாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன பேசாது!

நேற்று மாலை படுத்தபடியே அவள் கேட்டாள்: "காஞ்சிடுச்சாங்க?"

"மொறுமொறுன்னு காஞ்சிடுச்சு. பாட்டில்ல போட்டு மூடியாச்சு. நீ பேசாமத் தூங்கு."

பச்சைப் பொய். இலையைக் காதோரம் வைத்து நசுக்க வேண்டும், சத்தம் வந்தால்தான் காய்ந்ததென்று அர்த்தம். அது அவள் கணக்கு. இவர் நசுக்கவே இல்லை. அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அள்ளிப் போட்டு மூடியைத் திருகிவிட்டார். அவளும் நம்பித் தூங்கினாள். காலையில் எழுப்பினால் எழவில்லை.

"அத்தான், இங்க என்ன பண்றீங்க? எல்லாரும் தேடுறாங்க." மைத்துனி வந்து நின்றாள்.

"பூஞ்சை புடிச்சிடும்மா. அவ்வளவும் வீணாப் போயிடும்."

"எது?"

பாட்டிலை நீட்டினார். அழுது வீங்கிய கண்ணோடு அவள் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா பாத்திருந்தா உங்கள உண்டு இல்லன்னு பண்ணியிருப்பா," என்று சிரிக்கப் போனவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தோட்டத்துல இருந்தத மொத்தமா அறுத்துட்டேன். ஒரு வருஷத்துக்கு வரணும்னு உங்க அக்காதான் சொன்னா."

அவள் பின்னறையில் துணி வெட்டும் மேசையைக் காலி செய்து வெள்ளைத் துணி விரித்தாள். இருவரும் இலைகளைக் கொட்டிப் பரப்பினார்கள். ஈரவாசம் குப்பென்று அடித்தது. கெட்டுப் போகத் தொடங்கிவிட்டதோ? அவர் மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க அத்தான்."

"ரெண்டே நிமிஷம்மா. ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கக் கூடாது." நூல் பிரிக்கும் விரல்களால் ஒவ்வோர் இலையாகத் தள்ளித் தள்ளி வைத்தார். பிறகுதான் கூடத்துக்குப் போனார்.

எல்லாம் முடித்து வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. சட்டைகூட மாற்றாமல் நேரே மேசைக்குப் போனார். ஓர் இலையை எடுத்துக் காதோரம் வைத்து நசுக்கினார். சத்தமில்லாமல் மடங்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான்.

திறந்திருந்த கதவு வழியே அவளுடைய காலிக் கட்டில் தெரிந்தது.

"இன்னும் காயல," என்றார் அந்தப் பக்கம் பார்த்து. "நாளைக்குப் பாக்குறேன்."