அருணாதேவி ஏன் மலை ஏறுகிறாள்?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அருணாதேவியின் கணவன், எதிர்வீட்டு பிரசாத் கொண்டுவந்து கொடுத்தான். வேங்கிக்காலில் எதிரெதிர் வீடு. திருவூடல் தெருவில் அவனுக்கு செல்போன் கடை. ஒரு நாள் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, உட்காராமலே சொன்னான்.

"அக்கா, அருணா மாசா மாசம் மலை ஏறப் போறேன்னு கிளம்பிடறா. பக்தின்னு பாத்தா, இங்க பெரிய கோயிலுக்கே வர மாட்டா. நீங்க ஒரு தபா கூடப் போய்ட்டு வாங்களேன். கதை எழுதறதுக்குன்னு சொல்லிக்கோங்க."

"போய் எதைப் பாக்கணும்?"

"யாரு கூடப் போறான்னு."

மறுத்திருக்கலாம். ஆனால் எனக்கும் சந்தேகம் இருந்தது. (சந்தேகப்படாமல் கதை எழுதுகிறவர்கள் எங்காவது இருக்கலாம். நான் பார்த்ததில்லை.)

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "மலை அவளை அழைத்தது. அவள் அந்த அழைப்பை—"

அடித்துவிட்டேன். மலை யாரையும் அழைப்பதில்லை. மலையைச் சுற்ற, ஏற என்று எங்கள் ஊருக்கு எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறார்கள். எதற்கு என்று கேட்டால் அமைதி என்பார்கள். முதுகில் பை மாட்டிய இளைஞர்கள் த்ரில் என்பார்கள். இரண்டையும் நான் நம்புவதில்லை. மின்விசிறி ஓடுகிற வீட்டைப் பூட்டிவிட்டு முட்டி வலிக்க ஏறுகிறவர் எதிலிருந்தோ ஓடுகிறார், இல்லை யாரையோ பார்க்கப் போகிறார். அருணாதேவி எந்த வகை?

3

கதைக்கு என்று சொல்லி அருணாவோடு கிளம்பினேன். ஞாயிறு காலை பர்வதமலை அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. வழியில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த வளைவில் என்னைப் பார்த்தும் அதே மாதிரிதான் சிரித்தான். (இவனை வைத்து ஒரு பத்தி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வீண்.)

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏற வேண்டிய இடம் வந்தது. பாதியில் கீழே பார்த்துவிட்டேன். கை கம்பியை விடவில்லை, கால் நகரவில்லை. முன்னால் ஏறிப்போன அருணா திரும்ப இறங்கி வந்தாள்.

"கீழ பாக்காதீங்கக்கா. என் காலை மட்டும் பாருங்க. அது போற இடத்துல வைங்க."

வைத்தேன். ஏறிவிட்டோம். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, சிரிக்காமல் கேட்டாள்.

"அவருதானே அனுப்பினாரு?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. தலையாட்டினேன்.

"தெரிஞ்சுதான் கூட்டியாந்தேன். நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க சொன்னாலாவது நம்பட்டும்."

"எதுக்கு ஏறுற அருணா?"

"வீட்ல பயம் வந்தா எதுக்குன்னே தெரியலக்கா. போன் அடிச்சா நெஞ்சு திக்குங்குது. எங்க இருக்க, பக்கத்துல யாரு, வீடியோல காட்டுன்னுவாரு. நான் ஒண்ணுமே பண்ணல, ஆனா பயம். இங்க கையை விட்டா விழுந்துடுவேன், அவ்ளோதான். எதுக்கு பயப்படறேன்னு தெரியுது. கெட்டியா புடிச்சிக்கினா போயிடுது."

4

பதில் ரொம்ப நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். எழுதுகிறவளிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினாளோ?

"அதுக்கு போனை ஆஃப் பண்ணிட்டா போதாதா? மலை எதுக்கு?"

"ஆஃப் பண்ணா ஏன்னு கேப்பாரு. இங்க டவர் இல்லைன்னா மலையைத்தான் போய் கேக்கணும்."

சொல்லிவிட்டுப் பாறைமேல் மல்லாந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள்.*

* அந்தத் தூக்கம் ஒன்றைத்தான் என்னால் சந்தேகப்பட முடியவில்லை.

5

இறங்கி வந்தால் அடிவாரத்தில் பிரசாத் பைக்கோடு நிற்கிறான். இரண்டு பேர் போனும் கிடைக்கவில்லையாம். சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

"யாரு இருந்தாங்க?" அவளை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டான்.

"நான்தான் இருந்தேன். பயந்து நின்னுட்டேன். அவதான் ஏத்திவிட்டா."

அவன் நம்பவில்லை. நானும் இப்போது அவன் சந்தேகத்துக்குள் வந்துவிட்டேன் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அடுத்த மாசம் நீயே வா," என்றாள் அருணா. "வந்து பாரு. வரலைன்னா, இனிமே கேக்காத."

அவனை அவள் 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பிரசாத் நிமிர்ந்து மலையைப் பார்த்தான்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பிரசாத் கம்பியைப் பிடித்தபடி உறைந்து நிற்கிறான், அவள் இறங்கி வருகிறாள். எனக்கு நடந்ததையே எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். செல்லாது. இன்னொன்றில் அவள் மலைக்குப் போவதையே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் துணி—

அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். நேற்று பிரசாத் வந்தான். இந்த முறை உட்கார்ந்தான்.

"நாளைக்குப் போறோம்க்கா. ஆனா நீங்க வந்தா நான் வரல."

"ஏன்டா?"

"நான் பயப்படறதையும் எழுதிடுவீங்க."

அதனால் நான் போகவில்லை. இன்று காலை பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் போகாமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இந்நேரம் இருவரும் அந்தப் பாறையை எட்டியிருக்கலாம். பாதியில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பியும் இருக்கலாம். ஒருவேளை நீங்கள் அவர்களுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தால், என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வந்து என்னிடம் சொல்லாதீர்கள்.

நான் கேட்டாலும்.