படிக்காமல் விற்ற நான்கு பக்கங்கள்

டெக்ஸஸ் மாநிலம் விக்டோரியாவில், பழைய வண்டி விற்கும் கடையொன்றில் ஒன்பது வருடமாக எனக்குக் கடன் காகிதங்களை முடித்துக்கொடுக்கும் மேசை. விலை பேசிக் களைத்துப்போனவர்கள்தான் என்னிடம் வருவார்கள். களைத்தவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். என் திறமை அவ்வளவுதான். முதலாளி ரஸ்டி அதை 'பேச்சு சாமர்த்தியம்' என்பார், நானும் நம்பினேன்.

அந்தக் காகிதங்களில் நான் அதிகம் விற்றது கடன் ரத்து ஒப்பந்தம். வண்டி நொறுங்கிப்போனால் காப்பீட்டுக்காரன் அன்றைய மதிப்பைத்தான் தருவான். அதற்கு மேல் நிற்கும் கடனை ரத்து செய்கிறோம் என்பது அதன் சாரம். கட்டணம் எழுநூறு டாலர்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒஃபீலியா கன்ட்டூவிடமும் விற்றேன். மற்றவர்கள் போல் இல்லாமல் அந்த அம்மாள் நான்கு பக்கத்தையும் படித்தார். நான் பெருமூச்சு விட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இது கட்டாயமா, தம்பி?"

"கட்டாயம்தாங்க. இல்லேன்னா பேங்க்ல கடன் தரமாட்டாங்க."

"இங்க 'கட்டாயமில்லை'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே?"

"அது... பழைய ஃபார்மு" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "எனக்கு வேணும், அதனால வாங்கிக்கறேன். நீ சொன்னதுக்காக இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

அதே வருடம் நானும் பெரிய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினேன், அதே ஒப்பந்தத்தோடு. இரண்டு வருடம் கழித்து, மார்ச் மாதம் குவேரோ சாலையில் காட்டுப்பன்றி ஒன்று குறுக்கே வந்தது. பன்றி எழுந்து போய்விட்டது. வண்டி எழவில்லை. காப்பீட்டுப் பணம் போக ஆறாயிரம் டாலர் கடன் நின்றது. எனக்குக் கவலையே இல்லை. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், தானா ரத்தாயிடும்" என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்தானே. பாக்கி கேட்டு வந்த கடிதங்களை 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று மேசை இழுப்பறையில் திணித்தேன்.

ஜூலையில் ஒஃபீலியா மறுபடி வந்தார்.

"கடனை முன்னாடியே அடைச்சிட்டேன். அந்த எழுநூறுல மிச்ச காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் குடு."

"அப்படியெல்லாம் கிடையாதுங்களே."

"மூணாம் பக்கம் எடு."

எடுத்தேன். இருந்தது. உரக்கப் படிக்கச் சொன்னார். பள்ளிப் பிள்ளை போலப் படித்தேன். கண் தவறி அடுத்த வரிக்குப் போயிற்று: இழப்பு நேர்ந்த தொண்ணூறு நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். பன்றி குறுக்கே வந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். நூற்றுப் பதினேழு.

"என்னப்பா, முகம் வெளுத்துப்போச்சு?"

சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டுத்தான் பாரேன். கெஞ்சினா காசா பணமா?" என்றார்.

கேட்டேன். வங்கி மரியாதையாக மறுத்தது. இல்லாத வண்டிக்கு மாதம் இருநூற்றுப் பத்து டாலர் கட்டிக்கொண்டு, மனைவியின் சின்னக் காரில் முழங்கால் மடக்கி வேலைக்குப் போகிறேன். ஒஃபீலியாவுக்கு முந்நூற்று நாற்பது டாலர் கிடைத்தது.

இப்போது 'கட்டாயமில்லை' என்பதை நானே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். விற்பனை பாதியானது. ரஸ்டி என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மதிய இடைவேளையில் பழைய கோப்புகளை எடுத்து, நான் விற்றவர்களில் கடனை முன்னாடியே அடைத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்கிறேன். நேற்று ஒரு பண்ணைக்காரர் எடுத்தார்.

"வண்டிக் கடையிலேருந்து லீலண்ட் குபாலா பேசறேங்க. உங்களுக்கு வரவேண்டிய பணம் பத்தி..."

"யோவ், போன தடவை தலையில கட்டினது பத்தலையா? வைய்யா போனை!"

அடுத்த கோப்பைப் பிரித்தேன்.