கார்டுக்கு நாலு பேர்

இஸ்திரி உருளையிலிருந்து படுக்கை விரிப்புகள் கொதிக்கக் கொதிக்க வந்து விழுந்தன. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, நெருங்கி வந்து மடிக்க வேண்டும். நெட்டை குனிந்து பிடித்தாள். குட்டையக்கா எம்பிப் பிடித்தாள். இவர்களை ஜோடி சேர்த்த மேஸ்திரிக்குக் கண்ணே இல்லை என்று சலவைக்கூடமே சிரிக்கும்.

நெட்டையின் காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன் இருந்தது.

"உக்கார வச்சுப் பேசுற மனநல டாக்டர் இருக்காங்களாங்க? எங்க வீட்டுக்காரருக்கு... ஆமா, கவர்மென்ட் இன்சூரன்ஸ் கார்டுதான்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

"கார்டுன்னு கடைசியில சொல்லுடி" என்றாள் குட்டையக்கா. "எடுத்த எடுப்புல சொன்னா எவ பேசுவா?"

"கடைசியில சொன்னா கடைசியில வைக்கிறாளுங்க. வேறென்ன?"

நெட்டையின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவன் கண்ணெதிரே குழிக்குள் விழுந்து செத்ததிலிருந்து அவன் வாசலைத் தாண்டவில்லை. பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை தூங்க வைத்தது. விழித்ததும் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். 'மாத்திரை பத்தாது, உளவியல் நிபுணரிடம் பேச வையுங்கள்' என்றார்கள். அங்கே அப்படி யாரும் இல்லை. கம்பெனியோ, மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டது.

குட்டையக்காவுக்கு மட்டும் இதே கார்டில் அப்படியொரு டாக்டரம்மா கிடைத்திருந்தாள். தன் தலைமுடியைத் தானே பிய்த்துக்கொள்ளும் மகளை வாரம் தவறாமல் கூட்டிப் போனாள்.

"தங்கமான அம்மாடி. 'அவசரமில்ல, மெதுவாச் சொல்லு'ன்னாங்களாம். நம்மளை யாரு அப்படிக் கேட்டிருக்கா?"

நெட்டைக்கு வயிறு எரிந்தது. அங்கேயும் போன் செய்து பார்த்தாள்.

"கார்டுல நாலு பேரைத்தான் பாக்குறோம்மா. அந்தப் பணமே எப்பவோதான் வருது. நாலு இடத்துலயும் ஆள் இருக்கு. யாராவது குணமாகிப் போனா கூப்பிடுறோம்" என்றது ஒரு குரல்.

மறுநாளிலிருந்து, வந்ததும் வராததுமாக நெட்டை விசாரித்தாள். "பொண்ணு எப்படிக்கா இருக்கா?"

குட்டையக்கா பூரித்துப் போனாள். சொந்த நாத்தனார்கூட இப்படிக் கேட்டதில்லை. "நேத்து தட்டை வழிச்சுத் தின்னுட்டாடி! முடியும் முளைக்குது. பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மாதிரி நிக்குது."

"அப்போ, இனிமே அங்க போக வேணாமில்ல?"

குட்டையக்காவின் கை நின்றது. மடித்துக்கொண்டிருந்த விரிப்பு இருவருக்கும் நடுவே தொய்ந்து தரையைத் தொட்டது.

"அதை டாக்டரம்மா சொல்லணும்" என்றாள்.

அதன்பிறகு பதில்கள் சுருங்கின. "ஏதோ இருக்கா." "அப்படியேதான்." ஒருநாள், "மறுபடி ஆரம்பிச்சுட்டாடி. ஒரே அழுகை" என்றாள்.

"ஐயோ, பாவமே" என்றாள் நெட்டை. அன்று முழுவதும் விரிப்புகளை வெடுக்கு வெடுக்கென்று இழுத்தாள்.

"யார்மேல கோவம்? கையைப் பிடுங்கிடாதடி" என்றாள் குட்டையக்கா.

சனிக்கிழமை வேலை முடிந்து நெட்டை பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது குட்டையக்காவும் மகளும் முன்னாலேயே நின்றிருந்தார்கள். மகள் யாரோ கழுத்தை நீட்டி நடப்பதைப் போல நடந்து காட்டினாள். காட்ட முடியாமல் அவளுக்கே சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காதோரம் குட்டை முடியில் கிளிப் நிற்காமல் நழுவியது. குட்டையக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

திரும்பியவள் நெட்டையைப் பார்த்தாள். முழங்கையால் மகளை இடித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. கழுத்தில் கிடந்த ஸ்கார்ஃபைத் தலையில் போட்டு நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெண் தரையைப் பார்த்தாள்.

"வாடி" என்றாள் குட்டையக்கா. "இவளுக்கு இன்னிக்கு ரொம்ப முடியல."

"பாத்தாலே தெரியுதுக்கா" என்றாள் நெட்டை.

மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். பஸ் வர நெடுநேரம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண் உதட்டைக் கடித்தபடி தலையைத் தூக்கவே இல்லை.