அழைக்கும் இடத்தில் சரிபார்க்கப்படுகிறது

நோயாளியின் இரத்தநாளத்துக்குள் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் பம்பு ஒரு காலணிப் பெட்டியைவிடச் சிறியது. அதற்குள் ஒரு மோட்டார், ஒரு திரை, இவ்விரண்டையும் ஆளுகின்ற, ‘சி’ என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். நிரல் பிழைபட்டால் மருந்து நின்றுபோகலாம். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமலும் போகலாம். இரண்டாவதே கொடியது.

ஆகவே, அந்தப் பம்புகளைச் செய்யும் நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. எழுதப்பட்ட நிரல் முழுவதையும் ஓர் அலசல் கருவி படிக்கும். அது நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வரும் தரவு எந்த வழியே புகுந்து எங்கே போய்ச் சேருகிறது என்று வரிவரியாகப் பின்தொடரும். அயலான் ஒருவன் கைவைக்கக்கூடிய ஓட்டை தென்பட்டால் எச்சரிக்கும். அதன் எச்சரிக்கைகளில் பாதி வீண். எனவே ஒவ்வொன்றையும் ஒன்று திருத்த வேண்டும், அல்லது அது ஏன் வீண் என்பதற்குக் காரணம் எழுதி மூட வேண்டும். ஒரேயொரு எச்சரிக்கை திறந்திருந்தாலும் பம்பு வாசலைத் தாண்டாது.

மூடும் உரிமை ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது. அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் ‘சுங்கச்சாவடி’. வீட்டில் அவள் இளையவள். அக்காவும் அத்தானும் வசித்த வீட்டின் பின்னறை அவளுடையது. பெற்றோர் மறைந்தபின் அவளைப் படிக்க வைத்தவரும், இந்த நிறுவனத்தில் அவளுக்காக வாய்திறந்து வேலை கேட்டவரும் அத்தானே. பம்புக்கு வரும் செய்திகளைப் படிக்கும் பகுதியை எழுதியவரும் அவர்தான். புதிய பம்பு குறித்த நாளில் எச்சரிக்கை ஏதுமின்றி வெளியேறினால் பிரிவுத் தலைவர் பதவி அவருக்கு என்பது ஊரறிந்த ரகசியம். அக்கா இப்போதே அவரைத் ‘தலைவரே’ என்று கூப்பிட்டுச் சீண்டத் தொடங்கியிருந்தாள்.

குறித்த நாளன்று மதிய உணவு முடிந்ததும் அத்தான் தேநீர்க் கோப்பையுடன் இளையவளின் மேசையருகே வந்து நின்றார்.

“சுங்கச்சாவடியில எத்தனை வண்டி நிக்குது?”

“ஒண்ணே ஒண்ணு. உங்க வண்டிதான்.”

“லைசென்ஸ் எல்லாம் கையோட வச்சிருக்கேனே!”

“செய்தியோட நீளத்தைச் சரியாப் பாக்காம காப்பி பண்றீங்கன்னு சொல்லுது, அத்தான்.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். “அதான் மேலயே பாத்திருக்கேனே. இருநூத்தம்பத்தாறு எழுத்துக்கு மேல போனா திருப்பி அனுப்பிடறேன். அப்புறம் எதுக்கு இது தொண்டை கிழியக் கத்துது?”

“நெகட்டிவ்வா வந்தா?”

“நீளம் எப்படிம்மா நெகட்டிவ்வா வரும்? கடையில போய் மைனஸ் ரெண்டு மீட்டர் துணி குடுங்கன்னு கேப்பியா?” என்று சிரித்தவர், “இதைக் கூப்பிடற இடத்துல பாத்திருப்பாங்க. நீ ஒரு தடவை பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அத்தானின் பகுதியை அழைத்துச் செய்தியை ஒப்படைக்கும் இடம் வேறொரு கோப்பில் இருந்தது, வேறொருவர் எழுதியது. திறந்து படித்திருக்கலாம். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால், தளம் முழுவதும் அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ளும்படி அத்தான் சொன்னதை, மூடும்படி சொன்னதாக எடுத்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது. காரணத்துக்கான கட்டத்தில், ‘அழைக்கும் இடத்தில் சரிபார்க்கப்படுகிறது’ என்று எழுதி மூடினாள். அவர் ஊகித்துச் சொன்னதை அவள் உண்மையாக்கி எழுதிவிட்டாள். திரை பச்சை நிறத்துக்கு மாறியது. யாரோ கைதட்டினார்கள்.

பம்புகள் பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்த வாரத்தில், கையேடு எழுதுபவர் அவளைத் தேடி வந்தார். “வார்டு கம்ப்யூட்டர்லேருந்து வர்ற செய்தி எவ்வளவு நீளம் இருக்கலாம்? எனக்கு ஒரு நம்பர் சொல்லிடுங்க, உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.” அந்த ஓர் எண்ணுக்காகத்தான், அன்று படிக்காமல் விட்ட அந்தக் கோப்பை அவள் திறந்தாள்.

அதை எழுதியவருக்கு அலுவலகத்தில் ‘மௌனி’ என்று பெயர். வாயால் பேசாததை எல்லாம் நிரலுக்கு நடுவே குறிப்புகளாக எழுதிவைப்பவர். அத்தானின் பகுதியை அழைக்கும் வரிக்கு மேலே அவர் எழுதியிருந்தார்: ‘நீளம் உள்ளே சரிபார்க்கப்படும்.’

இளையவள் அந்தக் குறிப்பைப் பலமுறை படித்தாள். வெளியே இருப்பவர் உள்ளே பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். உள்ளே இருப்பவர் வெளியே பார்த்திருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவளாக நிறுவனம் ஒருத்தியை வைத்திருந்தது; அவள் பார்க்கவில்லை. இருநூற்று ஐம்பத்தாறைவிடப் பெரியதா என்று மட்டுமே அத்தானின் வரி கேட்கிறது. மைனஸ் ஒன்று பெரியதன்று. ஆகவே உள்ளே விடப்படும். நகலெடுக்கும் கட்டளைக்கோ கழித்தல் குறி தெரியாது. அதே எண்ணை அது மலையளவு நீளமாக எடுத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்ததையெல்லாம் நினைவகத்தின் மேல் கொட்டும்.

அப்படித்தான் நடக்குமா? சோதனை மேசையில் ஒரு பம்பு இருந்தது. குழாயின் மறுமுனையை ஒரு கண்ணாடிக் கோப்பையில் விட்டுத் தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு நீளம் மைனஸ் ஒன்று என்று குறித்த ஒரு செய்தியை அனுப்பினாள்.

திரை அணைந்தது. மோட்டார் அணையவில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள், ஓடியது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள், மின்சாரம் போனாலும் மருந்து நிற்கக் கூடாது என்று உள்ளே பேட்டரி வைத்திருந்தார்கள், ஓடிக்கொண்டே இருந்தது. இறுதியில் குழாயை மடக்கி விரல்களால் நெரித்துப் பிடித்துக்கொண்டாள். குழாய்க்குள் தண்ணீர் முட்டுவது விரல்நுனியில் தெரிந்தது. கோப்பையின் இடத்தில் ஒரு நோயாளியின் முழங்கை மடிப்பை எண்ணிப் பார்த்தவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அத்தான் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லலாம். சொன்னால், “ஒரு நாள் குடு, சத்தமில்லாம சரிபண்ணிடறேன்” என்பார். அவளும் கொடுத்துவிடுவாள். தன்னை அவளுக்குத் தெரியும். ஆகவே அவரிடம் சொல்லாமலே, தான் மூடிய எச்சரிக்கையைத் தானே திறந்தாள். விதிப்படி அனைவருக்கும் மின்னஞ்சல் பறந்தது. வாசலில் நின்ற லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கின.

அத்தான் வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிருக்கலாமே.”

“சொல்லிருந்தா திறந்திருக்க மாட்டேன்.”

அவர் மேசையிலிருந்த பம்பைப் பார்த்தார். “நிஜமாவே மோட்டார் நிக்கலையா?”

“நிக்கல, அத்தான்.”

“அப்ப நீ பண்ணதுதான் சரி” என்றார். அந்தச் சொல்லை அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மாலையில் மேலாளரின் அறையில் கூடினார்கள். மேலாளர் இரைந்து பேசாதவர். அதனாலேயே எல்லோரும் அஞ்சினார்கள். மூடப்பட்டதற்கான காரணத்தைத் திரையில் காட்டி, “இந்த வரி யாரோடது?” என்று கேட்டார்.

இளையவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

“நான் சொல்லித்தான் சார் அவ எழுதினா. மேல இருக்கறவன் சொன்னா சின்னவங்க என்ன பண்ணுவாங்க?”

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“பாக்கல.”

அத்தான் சொன்னதை மறுக்க ‘இல்லை’ என்ற ஒரே சொல் போதும். அவளோ எதிரே இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள். மேலாளர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். பிரிவுத் தலைவர் பதவி அத்தானுக்கு அடுத்த நிலையில் இருந்த மௌனிக்குப் போகும் என்று, அந்த அறையிலிருந்து வெளியே வருவதற்குள் அனைவருக்கும் விளங்கிவிட்டது. மௌனியோ அதில் மகிழாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அவருடைய குறிப்பையும் மேலாளர் திரையில் காட்டியிருந்தார்.

வீட்டில் அக்காவுக்குச் செய்தி முன்பே வந்துவிட்டிருந்தது. அத்தான் செருப்பைக் கழற்றுவதற்குள் தொடங்கினாள்.

“ஏங்க, பதவி போனா போகட்டும், அது பெரிசில்ல. போயும் போயும் இந்தப் பொண்ணையா மாட்டிவிடுவீங்க? உங்க பேச்சைத் தட்ட மாட்டான்னு தெரிஞ்சுதானே எழுதச் சொன்னீங்க?”

“ஆமா. தப்புதான்.”

“தப்புதான்னு சொல்லிட்டாப் போச்சா? நாளைக்கு அவளை யாரு நம்புவாங்க?”

“மெதுவாப் பேசு. அவ களைச்சுப்போயிருக்கா. முதல்ல சாப்பாட்டை எடுத்து வை.”

அலுவலகத்தில் பதவியை இழந்தவர், வீட்டில் மனைவியிடம் பெயரையும் இழந்துகொண்டிருந்தார். இளையவளால் தட்டின் முன்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றாள்.

“அக்கா, அவரைத் திட்டாத. அத்தான் என்னை எழுதச் சொல்லல. பாக்கத்தான் சொன்னாரு. பாக்காம எழுதினது நான்.”

அக்கா கையிலிருந்த கரண்டியை அப்படியே பாத்திரத்துக்குள் விட்டாள். தங்கையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

“அப்ப ஆபீஸ்ல ஏன் சொல்லல?”

மேலாளரின் கண்களுக்கு அஞ்சியதாகச் சொல்லலாம். சொன்னால் அதில் பாதி பொய். அத்தான் நீட்டிய குடையின் கீழே நிற்க அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

அத்தான்தான் பேசினார். “விடு. எனக்குப் போனது போயாச்சு. ரெண்டு பேருக்கும் போகணுமா? ஒரு வீட்டுல ஒருத்தராவது நிமிந்து நடக்கட்டும்.”

“நல்லாருக்கு உங்க கணக்கு!” என்றாள் அக்கா. “அவ நிமிந்தா நடக்கறா? நிக்கறதைப் பாருங்க.” பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட சொல்லி என்னடி ஆகப்போகுது? நானா உன் மேனேஜர்? காலையில போய்ச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு. இப்ப உக்காந்து சாப்பிடு. பட்டினி கிடந்தா செஞ்சது இல்லேன்னு ஆயிடாது.”

காலையில் சொன்னாள். மேலாளர் குறுக்கிடாமல் கேட்டார்.

“நேத்தே சொல்லிருக்கலாம்.”

“சொல்லிருக்கணும், சார்.”

“நேத்து சொல்லிருந்தா உங்க அத்தானுக்காக மேலிடத்துல நான் பேசிருப்பேன். காலையில முதல் வேலையா உத்தரவு போயிடுச்சு. மௌனிதான் தலைவர். இனி அதை மாத்த முடியாது.” அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மூடற உரிமையை உன்கிட்டேருந்து எடுக்கறேன். இதுவரைக்கும் நீ மூடினது எல்லாத்தையும் திறக்கறேன். ஒவ்வொண்ணா நீயே மறுபடியும் படிக்கணும். ஆனா முடிவு எழுதப் போறது வேற ஆள். உனக்கு ஏதாவது சொல்லணுமா?”

“இல்ல, சார்.”

தண்டனை கிடைத்தால் மனம் லேசாகும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். லேசாகவில்லை. அத்தானுக்குப் போனது திரும்பி வரவில்லை. அவள் பேசாமல் இருந்த அந்த ஒரு மாலைப்பொழுதுக்கு அதுதான் விலை. அதைக் கொடுத்தது அவள் அல்ல.

அத்தான் தன் மேசையில் அதே பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அருகில் இருந்த நாற்காலியைக் காலால் நகர்த்தினார்.

“முடிஞ்சுதா? சரி, இதைக் கொஞ்சம் பாரு.”

“எனக்கு இப்ப அந்த உரிமை இல்ல, அத்தான்.”

“உரிமையை யாரு கேட்டா? கண்ணு இருக்கில்ல? படி.”

அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்தாள். முதலில் அழைக்கும் கோப்பைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அதன்பிறகே அவருடைய பகுதிக்கு வந்தாள். நீளம் பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று புதிதாகக் கேட்டிருந்தார், நன்று. நகலெடுத்தபின் செய்தியின் முடிவைக் குறிக்க ஒரு பூஜ்யத்தையும் புதிதாகச் சேர்த்திருந்தார். அந்த வரியில் அவள் நின்றாள். இடம் இருநூற்று ஐம்பத்தாறு எழுத்துகளுக்கு மட்டுமே. செய்தியும் சரியாக அந்த நீளத்துக்கு வந்தால், அந்தப் பூஜ்யம் எல்லையைத் தாண்டி அடுத்த இடத்தில் போய் விழும்.

முந்தைய நாள் இதே மனிதர் அவளுக்காக எல்லார் முன்னாலும் தலைகுனிந்திருந்தார். இன்றைக்கு ஒரு நாளாவது சும்மா இருக்கலாமே என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

“இங்கயும் ஒண்ணு இருக்கு, அத்தான்” என்றாள்.

“எங்க?” என்று கேட்டபடி அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.